சோமாஸ்கந்தரின் நடுவே ஓர் இடம்

குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டு நாங்கள் காத்திருக்கத் தொடங்கி நான்கு வருடமாகிறது. போன ஆடியில், பதிவைத் தொடர விருப்பமா என்று கேட்டு மெயில் வந்தது. "போதும், விட்டுடலாம்" என்றார் என் கணவர் முரளி. பதில் போட ஒரு வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சிவகாசிக்குப் போனோம். பக்கத்துக் கிராமத்தில் ஐம்பொன் சோமாஸ்கந்தர் இருப்பதாக அலுவலகத் தோழி சொல்லியிருந்தாள்.

காலை 6.10க்கு விருதுநகரில் ரயிலைவிட்டு இறங்கினோம். சிவகாசி 26 கி.மீ.; பஸ்ஸில் முக்கால் மணி நேரம், ஆளுக்கு 25 ரூபாய். அங்கிருந்து நாரணாபுரம் தாண்டிப் போக, வர, காத்திருக்க ஆட்டோவுக்கு 400 ரூபாய். "இன்னைக்குப் பட்டாசு ஆபீஸெல்லாம் லீவு. வேன் தொந்தரவு இருக்காது, ஏறுங்க" என்றார் ஓட்டுநர். இந்தப் பக்கம் ஆபீஸ் என்றால் தொழிற்சாலை.

உமையோடும் கந்தனோடும் சேர்ந்திருக்கும் சிவனைத்தான் சோமாஸ்கந்தர் என்கிறோம். ஒரே பீடத்தில் அப்பா, அம்மா, நடுவில் குழந்தை. நாங்கள் போனபோது அபிஷேகத்துக்காக ஆடை களைந்திருந்தார்கள். சிவனின் பின்கைகளில் மழுவும் மானும். முன்கை அஞ்சாதே என்றது. உமையின் விரல்கள் பூப் பிடிக்க மடங்கியிருந்தன. குழந்தையை மட்டும் காணோம். அது நிற்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை.

"தனியா வார்த்துச் செருகினதும்மா. எப்பவோ கழண்டு போயிருக்கு" என்றார் அர்ச்சகர்.

"அப்ப இது வெறும் சிவன் பார்வதிதானே?" என்று கேட்டார் முரளி. குரலில் கசப்பு.

பால் கொண்டுவந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பெயர் செல்வி, பட்டாசு ஆபீஸில் வேலை. நகக்கண்ணில் வெள்ளி நிற மருந்து கழுவியும் போகாமல் இருந்தது.

"அது எப்படிண்ணே? பேரு சோமாஸ்கந்தர்தான். பாருங்க, சின்னவருக்கு ஊத்துன பிறகுதான் பெரியவுகளுக்கு."

அர்ச்சகர் முதல் கரண்டிப் பாலை அந்தத் துளையின் மேல் ஊற்றினார். முரளி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்களுக்கு எத்தனை பிள்ளைக?" செல்வி சாதாரணமாகத்தான் கேட்டாள். எந்த ஊருக்குப் போனாலும் நான் பயப்படுகிற கேள்வி. வழக்கம்போலப் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"ஒண்ணு" என்றார் முரளி. "இன்னும் வந்து சேரலை."

அவள் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. "வரட்டும்ணே. வந்ததும் இங்கன கூட்டிட்டு வாங்க."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை; பிரகாரத்துக்குப் போய் அழுதேன். திரும்பும்போது ஆட்டோவிலேயே முரளி மெயிலுக்குப் பதில் எழுதினார். தொடர்கிறோம் என்று ஒரே வரி.

போக நினைப்பவர்களுக்கு: காலை 7 முதல் 10 வரைதான் நடை திறந்திருக்கும். அபிஷேகம் எட்டு மணிக்கு. அதற்குப் பிறகு பட்டு சாத்திவிட்டால் பீடம் தெரியாது. பால் சிவகாசியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் நிழல் கிடையாது, தண்ணீர் அவசியம். படமெடுக்க அனுமதி இல்லை.

எங்களுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் அடித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து போகிறோம்.