தோள் பிடிக்க ஒரு சான்றிதழ்

இந்த ஜேர்மன் நகரத்துப் பேருந்தில் என் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தாலும் சனம் நின்றுகொண்டுதான் வரும். அதே ஆட்கள் மசாஜ் நிலையத்தில் சட்டையைக் கழற்றி, முன்பின் தெரியாதவரின் கைக்கு முதுகைக் கொடுத்துவிட்டு நித்திரையாகிவிடுகிறார்கள். அந்த நிலையத்தில் ஆறு வருடமாகத் தரை துடைக்கிறேன். அதை நடத்தும் சபீனாவுக்கு எல்லோரும் கைகொடுத்து நன்றி சொல்லிப் போவார்கள். நான் துடைத்த தரைக்கு எவரும் நன்றி சொன்னதில்லை. ஒருநாள் அவருடைய தோள் பிடித்துக்கொண்டது. நான்தான் அழுத்தி எடுத்துவிட்டேன். "இந்த வேலை உங்களுக்கு வரும். படித்துவிட்டு வாருங்கள், வாரத்தில் இரண்டு நாள் ஒரு மேசை தருகிறேன்" என்றார்.

படிப்பதற்கு இரண்டு வழி. அரசு அங்கீகரித்த பள்ளியில் இரண்டு வருடத்துக்கு மேல் படித்து, வைத்தியசாலையிலும் பயிற்சி எடுப்பது ஒன்று. அதற்குப் பள்ளிக்கூடம் முடித்த சான்றிதழ் வேண்டும். யுத்தத்தில் என் ஊர் மயிலிட்டியை விட்டு உடுத்த துணியோடு ஓடியபோது நான் எட்டாம் வகுப்பு. பிறகு கொழும்பு, மொஸ்கோ, போலந்துக் காடு என்று அலைந்ததற்கு எவரும் சான்றிதழ் தரவில்லை. மற்றது வார இறுதி வகுப்பு. அதை முடித்தால் நோய் வருத்தத்துக்குக் கைவைக்க முடியாது, களைப்புக்குப் பிடித்துவிடலாம். கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. அதில் சேர்ந்தேன்.

உடுப்பிட்டியில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் குகன் அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, நானும் மசாஜ் படிச்சு முடிச்சிட்டன். யாழ்ப்பாணத்திலை ஆறு மாசம், பிறகு ஹோட்டல்லை மூண்டு மாசம். இப்ப வெள்ளைக்காரர் என்னைத்தான் கேட்டு வருகினம். நீங்கள் பெரிய ஆள், ஜேர்மனியிலை எல்லோ செய்யிறியள்!"

மசாஜ் நிலையத்தில் வேலை என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன். தரை துடைப்பதைச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் இருக்கும் என் அம்மா இடையில் புகுந்தார். "தம்பி, குகன் பிடிச்சு விட்டா முழங்கால் நோவு பறந்திடும். அவன்ரை கை நல்ல கை." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனிடம் சான்றிதழ் இருந்தது. என் அம்மாவின் முழங்காலும் இருந்தது.

தேர்வன்று ஒரு பெண்ணை வெறுங்காலோடு கதிரையில் இருத்தியிருந்தார்கள். கழுத்து, தோள் எல்லாம் நன்றாகவே போனது. மறுபக்கம் திரும்பும்போது என் கால் அவளுடைய காலில் பட்டுவிட்டது. குனிந்து, பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவள் துள்ளி எழும்பினாள். எண்ணெய்க் கை பட்டதில் எனக்குக் கண்ணீர் கொட்டியது.

"என்ன செய்தீர்கள்?" என்றார் தேர்வாளர்.

"மன்னிப்புக் கேட்டேன்."

"எனக்குக் கேட்கவில்லையே."

"கையால் கேட்டேன்."

நான் அழுகிறேன் என்று நினைத்துக் கடதாசிக் கைக்குட்டை தந்தார். பிறகு எழுதினார்: அனுமதியில்லாமல் காலைத் தொட்டார், கையைக் கண்ணில் வைத்தார். தேர்வில் சித்தியில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வரலாம்.

குகனிடம் தேர்வில் நடந்ததை, தரை துடைப்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அண்ணை, எங்கடை வகுப்பிலை எல்லாரும் உதுதான் செய்வினம். படிப்பிக்கிற வாத்தியாரும் தொட்டுக் கும்பிடுவார். பிறகு கையைக் கழுவிப்போட்டுத் தொடங்குவம்." அங்கே கை கழுவினால் தீர்ந்துவிடுகிற பிழை. அவனுடைய சான்றிதழைவிட இதற்குத்தான் எனக்கு அதிகம் எரிந்தது. "வாங்கோ, நான் பழக்கிறன்" என்றான். பத்து வயது இளையவன். ஓம் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சபீனா கதிரையில் இருப்பார். எதிரே தொலைபேசித் திரையில் அம்மா இருப்பார், அவருக்குப் பின்னால் குகன். அவன் அழுத்துவதைப் பார்த்து நானும் அழுத்துவேன். போன கிழமை அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஓம், உவ்விடந்தான். சுகமாக் கிடக்கு" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று சபீனா கேட்டார்.

"என் கை நல்ல கையாம்" என்றேன். என் பெருவிரல் அம்மா சொன்ன அந்த இடத்தில்தான் நின்றது, சபீனாவின் தோளில்.