அப்பா போட்ட கிளிப்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் நான்காம் வகுப்புவரை படித்தேன்; லண்டனுக்கு வந்த பிறகு படிப்பு ஏறவேயில்லை. மாமியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரும்படி தங்கச்சி கேட்டிருக்கிறாள். மண்டபத்தில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி பிறந்த மார்கழியில் எனக்குப் பத்து வயது. டூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல் அறையில் வாடகைக்கு இருந்தோம். கைக்குழந்தை அழுதால் மற்றவர்களுக்கு நித்திரை கெடும் என்று வீட்டுக்காரர் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். அம்மாவின் தம்பியான மாமா நோர்பரியில் சொந்த வீட்டில் இருந்தார். ஆனால் அந்த வீட்டில் சாமியறை இருந்தது. எங்களுக்கோ பிள்ளை பிறந்த துடக்கு. முப்பத்தொரு நாள் கழியும்வரை சாமி இருக்கும் வீட்டுக்குள் போகக் கூடாது என்றார் அப்பா. அதிலும் மாமி, விளக்கேற்றாமல் தேத்தண்ணீர்கூடக் குடிக்காதவர். “பரவாயில்லை, வாங்கோ அண்ணை,” என்று அவர் வாசலில் நின்று கூப்பிட்டார். அப்பா அதை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்.

மாமா கராஜில் வேலை செய்தார். அங்கே வந்த ஒருவரின் பழைய மோட்டர்ஹோமைக் கேட்டு வாங்கி, தன் வீட்டு முன்றலில் கொண்டுவந்து விட்டார். படுக்கை, அடுப்பு, குளிக்க ஒரு மூலை எல்லாம் உள்ள வான். எனக்கு அது மாளிகை. மூன்றாம் நாள் சுடுதண்ணீர் நின்றது.

பிள்ளை பெற்ற உடம்புக்கு ஒவ்வொரு நாளும் சுடுதண்ணீர் வேண்டும். அப்பா ஊரில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்தியவர். காஸ் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். பற்றரியைப் பார்த்தார். பம்ப் சத்தம் போட்டது, சூட்டுக் காற்றும் வந்தது, தண்ணீர் மட்டும் சுடாமல் பச்சைத் தண்ணீராகவே வந்தது. கடைசியில் வானுக்கு அடியில் ஒரு குட்டை தேங்கியிருப்பதைக் கண்டார். வானுக்குள் கதிரைக்குக் கீழே இருந்த பொயிலரில் ஒரு வால்வு இருக்கிறதாம். குளிர் கூடினால், உள்ளே பனிக்கட்டியாகி வெடிக்காமல் இருக்க அது தானாகவே திறந்து தண்ணீரையெல்லாம் வெளியே விட்டுவிடும். மாமா கராஜில் கேட்டு வந்து சொன்னார். அப்பா வானின் உள்பக்கத்தை நன்றாகச் சூடாக்கி, வால்வை மூடி, அது மறுபடி எழும்பாதபடி அம்மாவின் உடுப்புக் கிளிப் ஒன்றைக் கவ்வ விட்டார். அன்றைக்கு அம்மா ஆசைதீரக் குளித்தார்.

மூன்று நாள் நன்றாக இருந்தது. பிறகு கிளிப் கழன்றது. அப்பா வேறு கிளிப் போட்டார். அதுவும் கழன்றது. கம்பி கொண்டு கட்டினார்.

“அண்ணை, இனி வெல்டு பண்ணவேண்டியதுதான்,” என்றார் மாமி, வீட்டு வாசலில் நின்றபடி.

அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் கொஞ்சம் முந்தி வந்துவிட்டேன். அம்மா குழந்தையோடு திரைக்குப் பின்னால் நித்திரை. வான் கதவு திறந்திருந்தது. மாமி முழங்காலில் இருந்து, கதிரைக்குக் கீழே கையை விட்டுக் கம்பியைப் பொறுமையாகச் சுழற்றிக் கழற்றிக்கொண்டிருந்தார். வானுக்கு அடியில் சளசளவென்று தண்ணீர் ஓடியது. நான் மதிலோடு ஒதுங்கிக்கொண்டேன். அவர் என்னைக் காணவில்லை.

எங்களைத் துரத்தப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். துடக்குக்காரர் வாசலில் கிடப்பது பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. என் கூச்சத்தால் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு உறைபனி. அப்பா வேலையால் வந்து வால்வை மூடப் பார்த்தார், அது நிற்கவில்லை. அடுப்பில் சட்டி சட்டியாகத் தண்ணீர் வைத்தார். மூன்றாவது சட்டி கொதிக்கும்போது முதலாவது ஆறிவிட்டது. அரைகுறைச் சூட்டில் உடம்பைத் துடைத்த அம்மாவுக்கு நடுக்கம் பிடித்தது. பல்லோடு பல் அடித்தது. மடியில் தங்கச்சி வீரிட்டு அழுதாள். மாமியிடம் ஒரு வாளி சுடுதண்ணீர் வாங்கி வரும்படி அப்பா என்னை அனுப்பினார்.

நான் வாசலில் நின்று கேட்டேன். மாமி என்னைத் தாண்டி வானைப் பார்த்து, உள்ளே கேட்கும்படி சொன்னார்:

“வாளியில தரமாட்டன். குளிக்கிறதெண்டா மச்சாள் வந்து குளிக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்தது. குழாயைத் திறந்தால் கொதிதண்ணீர் வரும் வீடு. ஒரு வாளிக்கு மனமில்லையே என்று இருந்தது.

அப்பா கையில் டோர்ச்சோடு கதிரைக்குக் கீழேதான் கிடந்தார். அம்மா தங்கச்சியைப் போர்வையால் சுற்றிக்கொண்டு எழும்பினார்.

“நீங்கள் உதைத் திருத்துங்கோ. நான் போறன்,” என்றார்.

அப்பா சாமியறை என்று தொடங்கினார். அதற்குள் மாமி செருப்பும் இல்லாமல் பனியில் இறங்கி வந்து, தங்கச்சியைக் கையில் வாங்கிவிட்டார். “சாமிக்கு நான் சொல்லுறன், அண்ணை,” என்றார்.

முன்னறையில் மெத்தை முன்பே விரித்துக் கிடந்தது. குளியலறையிலிருந்து நொச்சி இலை அவிந்த மணம் வந்தது. முப்பத்தொன்று கழியும்வரை அங்கேதான் இருந்தோம். பிறகும் இரண்டு வருடம் இருந்தோம். அப்படியொரு வால்வை யார் செய்தது என்று அப்பா கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார். மாமியும் கூடச் சேர்ந்து திட்டினார். நான் கண்டதை இன்றைக்குத்தான் சொல்கிறேன், மாமி. நன்றி என்ற சொல்லையும் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த முதல் இரவு உள்ளே போகும்போது சாமியறைக் கதவு பூட்டியிருந்ததைக் கண்டேன். துடக்கு முடியும்வரை அது திறக்கப்படவில்லை. காலையில் மாமி குளித்து, விபூதி பூசி, பூட்டிய கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் கைகூப்பி நிற்பார். பிறகு வந்து அம்மாவுக்கு நொச்சித் தண்ணீர் அவிய வைப்பார். அத்தனை நாளும் அவர் தேத்தண்ணீர் குடித்து நான் காணவில்லை. நாங்கள் தொட்டுவிடுவோம் என்ற பயத்தில் சாமியைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்து, அந்தப் பத்து வயதில் அவர் மேல் நான் கோபமாயிருந்தேன்.

மார்ச் மாதம் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை.