கலியமூர்த்தியின் இடது கை

ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இடது கையில் நீலத் துணியை முடிச்சுப் போடுகிறார் கலியமூர்த்தி. வயர் சுருள் வேனிலிருந்து இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அடுத்து மஞ்சள், குழாய் ஸ்பீக்கருக்கு. சிவப்பு, மைக்குக்கு. சாமான் எல்லாம் பந்தலில் பரப்பி முடிக்கும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணியாகவே இருக்கும். போகிற வீட்டில் எல்லாம் யாராவது ஒரு பெரியம்மா கேட்டுவிடுவார்: "எந்தக் கோயில் வேண்டுதல் தம்பி?"

"மறதியம்மன் கோயிலும்மா. சக்தி வாய்ந்த தெய்வம். கும்புடலன்னா வேன் கிளம்பாது."

முத்தியால்பேட்டையில் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுபவர். நாற்பதை நெருங்குகிறார். நின்றால் ஒரு கால் ஆடும், உட்கார்ந்தால் இரண்டும் ஆடும். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நர்சம்மாதான்.

துணிகள் மனைவி நிர்மலாதேவியின் பழைய புடவைகளிலிருந்து கிழித்தவை. வேனுக்குள் இருக்கும்வரை ஒவ்வொரு சாமானும் தன் துணியைத் தானே கட்டிக்கொண்டிருக்கும். இறங்கினால் துணி அவர் கைக்கு வரும். திரும்ப ஏறினால் துணி சாமானுக்குப் போகும். கை வெறுங்கையாகும்வரை வேன் சாவியைத் தொடக்கூடாது, இது அவர் தனக்கு விதித்த சட்டம். ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றுக்குள் பஞ்சு எதுவும் தங்கிவிடவில்லையே என்று சரிபார்த்த பிறகுதான் நாங்கள் தைக்க விடுவோம். யாரும் சொல்லித்தராமல் இவர் அதே இடத்துக்கு வந்திருக்கிறார்.

வீட்டிலும் இப்படித்தான். காலை மாத்திரை அட்டை பல் துலக்கும் பிரஷோடு ரப்பர் பேண்டில் கட்டிக் கிடக்கும். வீட்டுச் சாவி அரைஞாண் கயிற்றில். வெளியே எடுத்துப் போகவேண்டிய பொருள் எதுவோ அதன்மேல் வலது கால் செருப்பை வைத்துவிடுவார். செருப்பில்லாமல் தெருவில் இறங்க முடியாதல்லவா? ஒருநாள் பூசை அறைக்குள் செருப்பைப் பார்த்து நிர்மலாதேவி போட்ட சத்தம் என் வீட்டுக்கே கேட்டது.

"சாமி படத்துக்கு முன்னாடி செருப்பா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"குலதெய்வத்துக்கு முடிஞ்சு வெச்ச காச எடுத்துட்டுப் போகணும்டி. சாமியே கோவிச்சுக்கல, நீ ஏன் குதிக்கிற?"

செல்போன் அலாரம் வைக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "வெச்சுப் பாத்துட்டேன் நர்சம்மா. அடிச்சா அணைச்சுடறேன். எதுக்கு அடிச்சதுன்னு அதுவும் சொல்ல மாட்டேங்குது, எனக்கும் தெரியல."

இந்தத் துணி வருவதற்கு முன்னால் ஒரு கதை உண்டு. எங்கள் தெருவுக்கு அது தெரியும், கடற்கரைக் குப்பங்களுக்கும் தெரியும். ஒரே தெருவில் ஒரே காலையில் இரண்டு வீட்டுக்கு மைக் கட்டினார். ஒன்று மஞ்சள் நீராட்டு வீடு, மற்றது கருமாதி வீடு. இரண்டு கேசட்டையும் மாற்றிப் போட்டுவிட்டார். வயதுக்கு வந்த பெண் வீட்டில் உடல் நிலையாதது என்று ஒப்பாரி. செத்தவர் வீட்டில் மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு. உடனே நிறுத்தியிருந்தால் மன்னித்திருப்பார்கள். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர், டீக்கடையில் கரகரத்துக்கொண்டிருந்த ரேடியோவைப் பிரித்துப் போட்டு அதற்குள் தலையை விட்டுவிட்டார். கேசட்டின் ஒரு பக்கம் முழுதாக ஓடி முடிந்தது. கருமாதி வீட்டார் ஆள் அனுப்பி இழுத்து வந்தபோது, அவர் கையில் ரேடியோவின் டயல் இருந்ததாம்.

செத்தவர், வடக்கே ஒரு குப்பத்தின் பஞ்சாயத்துத் தலைவர் இருசப்பனுக்கு மாமனார். "மாமனாருக்கு ரெண்டாம் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று இருசப்பனை மீன் சந்தையில் ஒரு வருடம் கிண்டலடித்தார்கள். குப்பத்துக் காரியம் எதற்கும் அதன் பிறகு கலியமூர்த்தியைக் கூப்பிடவில்லை. குப்பத்தைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். அவர் செட் பாதி நாள் வீட்டிலேயே தூங்கியது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது மகளுக்காக. பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள், பாதி எழுதிய கணக்கை விட்டு எழுந்து போய்விடுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். ஓ.பி. சீட்டு எங்கே, எந்த வரிசை என்று எனக்குத் தெரியும் என்பதால் கூடப் போனேன். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆரம்பித்ததை முடிக்கிறாளா? பொருளைத் தொலைக்கிறாளா? அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசுகிறாளா? நிர்மலாதேவி மகளைப் பார்க்கவே இல்லை, புருஷனையே பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டும் விட்டார்: "சார், நீங்க விசாரிக்கறது பொண்ணையா, இவரையா?"

அந்த நேரம் கலியமூர்த்தி நாற்காலியில் இல்லை. சுவரோரம் நின்று, சரியாகத் திரும்பாத ஃபேன் ரெகுலேட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொல்லித் தனியாக விசாரித்தார், இன்னொரு நாள் வரச்சொல்லி மறுபடி விசாரித்தார். மகளுக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும் ஏ.டி.எச்.டி. என்றார். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும், வேண்டாதபோது அங்கிருந்து பிடுங்கவும் மூளைக்குச் சிரமம். பிறவியிலேயே இருப்பது, பெரியவர்களுக்கும் தொடர்வது என்றார். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் சோம்பேறி இல்லியா நர்சம்மா? எங்கப்பா சாவற வரைக்கும் தறுதலைன்னுதான் கூப்புட்டாரு."

"சோம்பேறித்தனமும் கொஞ்சம் இருக்கு. அதுக்கு மாத்திரை கிடையாது" என்றேன். சிரித்துவிட்டு, வந்து நின்ற தப்பான பஸ்ஸில் ஏறப் போனார். நிர்மலாதேவி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

மாத்திரை அவர் தலைக்குள் இருக்கும் இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கிறது. வேனில் மறக்காமல் ஸ்பீக்கர் ஏற்றித் தருவதில்லை. அதற்குத்தான் துணி, செருப்பு, அரைஞாண் கயிறு. இதில் எத்தனையோ யோசனைகள் தோற்றும் போயின. கையில் பேனாவால் எழுதினார், வியர்வையில் அழிந்தது. துணி நின்றது. சின்னச் சின்ன விசேஷங்கள் மறுபடி வந்தன. ஆனால் குப்பம் வரவில்லை. குப்பம் கூப்பிட்டால்தான் ஊர் நம்பும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருடம் மாசிமகத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருசப்பனே வந்தார். மாசிமகத்தன்று ஊர் ஊராகச் சாமிகள் கடலுக்கு வரும். மைக் செட்டுக்கு அவ்வளவு கிராக்கி. குப்பத்துக்கு வழக்கமாக வரும் ஆள் கடலூர்க் கடற்கரைக்குப் போய்விட்டாராம்.

"வேற ஆளு கெடைக்கலன்னுதான் வந்தேன்" என்றார் இருசப்பன், வாசற்படி ஏறாமலே. "அம்மன் கடல்ல எறங்கறப்ப மைக் பேசணும். எங்க மாமனாருக்குப் பண்ண மாதிரி எதுனா பண்ண, அப்புறம் இந்த வேனு வாழைக்கா ஏத்தத்தான் ஒதவும்."

"பண்ண மாட்டேன் தலைவரே."

"அன்னிக்கும் நீ பண்றேன்னு சொல்லிட்டாய்யா பண்ண?"

மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் முதலுதவிப் பந்தலில் இருந்தேன். இருசப்பன் குப்பத்துப் பந்தல் எதிரில்தான். மணல் தெரியாத கூட்டம், மேளம், வேட்டு, பத்துப் பக்கமும் ஸ்பீக்கர். என் தலையே சுற்றியது. எல்லாச் சத்தத்தையும் ஒரே நேரத்தில் கேட்கிற மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அந்தக் காது அன்று உபயோகமாகவும் இருந்தது. வேட்டுச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குழந்தை அழுதால் அவர்தான் முதலில் திரும்புவார். "சேப்பு கவுன் போட்ட பாப்பா நம்ம பந்தல்ல முறுக்கு தின்னுக்கிட்டு இருக்குது. பெத்தவங்க பதறாம வாங்க, ஆனா வாங்க" என்று அறிவிப்பார். வாழ்நாள் முழுக்கத் தொலைத்தவர், காலையிலிருந்து கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மனைக் கடலில் இறக்கும் நேரம் நெருங்கியது. அப்போது பக்கத்துப் பந்தல் மைக் செட்காரர் ராமலிங்கம் ஓடி வந்தார். "அண்ணே, ஆம்ப்ளிபயர் இரையுது. ஒரு நிமிசம் வந்து பாருண்ணே."

கலியமூர்த்தியின் கண் விரிந்தது. டீக்கடை ரேடியோவைப் பார்த்த கண் அதுதான். கால் கிளம்பியும் விட்டது. நிர்மலாதேவி என் பந்தலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். கூப்பிட்டாலும் அந்த இரைச்சலில் கேட்காது. ராமலிங்கம் கையைப் பிடித்து இழுக்க, கலியமூர்த்தி இழுபட்ட தன் கையைப் பார்த்தார். தோள் பக்கம்வரை ஏறியிருந்த துணிகளைப் பார்த்தார்.

"கை காலியாவட்டும்டா. அப்புறம் வந்து ராத்திரி பூரா பாக்கறேன்."

திரும்பி வந்து ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார். அம்மன் பல்லக்கு அலையைத் தொடும்போது கரண்ட் போனது. வரிசையாக எல்லா ஸ்பீக்கரும் செத்தன. இருசப்பன் வாயைத் திறந்து திட்டத் தொடங்கும் முன்பே குப்பத்து ஸ்பீக்கர் மட்டும் உயிர்பெற்று, பூசாரியின் குரல் கடற்கரை முழுக்கக் கேட்டது. நிர்மலாதேவி உட்கார்ந்தார்.

பொழுது சாய்ந்ததும் சாமான் ஏறியது. மஞ்சள் போனது, நீலம் போனது, பச்சை போனது. கடைசியில் கையில் ஒரே ஒரு சிவப்பு. வேனுக்கு அடியில் பார்த்தார், மணலைக் கிளறினார், பந்தல்காரரை விசாரித்தார். இருசப்பனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு மைக்குக்கு இன்னாய்யா இத்தன நேரம்? காலையில வந்து தேடிக்க. வண்டிய எடு, வழிய விடு."

"கையில துணி இருக்குது தலைவரே. எடுக்க மாட்டேன்." அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "உங்க இடுப்புல செருவியிருக்கறது இன்னாது?"

வயர் இல்லாத அந்த மைக், தலைவரின் வேட்டி மடிப்பில் துண்டுக்கு அடியில் இருந்தது. மத்தியானம் அவர் பேசிவிட்டுச் செருகிக்கொண்டதுதான். சுற்றி நின்ற மீனவர்கள் சிரித்த சிரிப்பில் அலைச் சத்தம் கேட்கவில்லை. "தலைவருக்கும் ஒரு துணி கட்டுய்யா!" என்று ஒருவர் கத்தினார். இருசப்பனும் சிரித்துவிட்டார். மைக்கைத் துண்டால் துடைத்துக் கொடுத்தவர், ஆள் அனுப்பி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வரவழைத்தார். அடுத்த வருடத்து வேலை உனக்குத்தான் என்று குப்பம் சொல்லும் முறை அது.

"புடிய்யா. அடுத்த மாசிமகத்துக்கும் நீதான்."

சிவப்புத் துணி மைக்குக்குப் போயிருந்தது. வெறுங்கையில் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் கலியமூர்த்தி. டீ வந்தது. டம்ளரை வாங்க வசதியாக வெற்றிலையை வேன் படியில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி மற்றக் கையை நீட்டினார். நிர்மலாதேவி தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார். அதன் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இடது கையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, அப்புறம் டீயை வாங்கினார்.