ஒரு முழம் குறைந்த கயிறு

கல்லூரி என்று பெயர் வைத்த எங்கள் பள்ளிக்கூடம் உதைபந்தாட்டத்தில் மாவட்டக் கிண்ணம் எடுத்த வருடத்தில்தான் எனக்கு இடுப்புவலியும் தொடங்கியது. அங்கே மைதான வேலை என்னுடையது. புல் வெட்ட வேண்டும், மாடுகளைத் துரத்த வேண்டும், ஆட்டத்துக்கு முன் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். அந்த வருடம் அரையிறுதி வரை எல்லா ஆட்டங்களும் எங்கள் மைதானத்திலேயே நடந்தன. ஒவ்வொரு முறையும் குனிந்து கோடு இழுப்பேன். விடிவதற்குள் மாடுகள் படுத்து அழித்திருக்கும். மறுபடி குனிவேன். பிள்ளைகள் வெல்ல வெல்ல எனக்கு வேலை கூடிக்கொண்டே போனது. சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது.

கோடு அளப்பதற்கு முடிச்சுப் போட்ட ஒரு கயிறு வைத்திருந்தேன். கோல் கோட்டிலிருந்து பெனால்டிப் புள்ளிக்கு ஒரு முடிச்சு, பெட்டிக்கு ஒரு முடிச்சு. அலுவலக அலுமாரியில் அளவுநாடா இருந்தது. அதை எடுப்பதென்றால் கொப்பியில் பெயர், திகதி, காரணம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்த பிள்ளைகள் நடமாடும் இடத்தில் நின்று எழுத்துக் கூட்டி எழுத எனக்கு வெட்கம். கயிறு யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

பழைய பருத்திக் கயிறு இற்றுப்போனதால், அந்த வருடத்துக்கு முந்தின மாரியில் ஒரு நைலோன் கயிறு வாங்கினேன். பழையதைப் பக்கத்தில் நீட்டி, அதன் முடிச்சுகளைப் பார்த்துப் புதியதில் முடிச்சுப் போட்டேன். அன்று நல்ல மழை. பழைய கயிறு ஊறிப்போய்க் கிடந்தது.

அரையிறுதிக்கு வாவியின் அக்கரையான படுவான்கரையிலிருந்து ஒரு பாடசாலை வந்தது. ஆட்டம் சமமாக முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் கோல்காப்பாளர் மூன்றைத் தடுத்தார். கடைசி உதை அவர்களின் அணித்தலைவருடையது. மெலிந்த, உயரமான தம்பி. அவர் அடித்த பந்தும் கைக்குள் போய்விட்டது. மாகாண அணிக்கு ஆள் தெரிவு செய்பவர்கள் இறுதியாட்டத்துக்கு வருவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தம்பி புள்ளியிலேயே உட்கார்ந்துவிட்டார். விரலால் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எழும்புங்க தம்பி. அந்தக் கையால கண்ணைத் துடைக்காதீங்க, எரியும்" என்றேன். 

இறுதியாட்டம் நகரத்து மைதானத்தில். அதற்கு முதல் நாள் கோடு போட எங்களையும் உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே இரும்பு நாடாவால் அளந்து புள்ளி வைத்தார்கள். சும்மா என் கயிற்றையும் பக்கத்தில் நீட்டினேன். முடிச்சு புள்ளிக்கு எட்டவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு முழம் குறைவு.

அப்போதுதான் மழை நினைவுக்கு வந்தது. நனைந்த பருத்திக் கயிறு சுருங்கும். வலை இழுத்தவரின் மகன் நான். இது எனக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. எங்கள் கோல்காப்பாளர் அந்த வருடம் முழுக்க ஒரு முழம் கிட்ட இருந்து வரும் பந்துக்குப் பாய்ந்து பழகியிருக்கிறார். வந்தவர்கள் அப்படிப் பழகவில்லை.

வான் வண்டியில் திரும்பும்போது, கூட வந்த எங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னேன். அவர் யன்னலை இழுத்துச் சாத்தினார்.

"ரெண்டு பகுதியும் ஒரே புள்ளியிலதானே அடிச்ச?"

"ஓம் சேர். ஆனா நம்மட புள்ளைகள் அதிலதான் பழகின."

"நாளைக்கு மட்டும் வாயத் திறக்காதீங்க. புள்ளைகள்ற கால் நடுங்கிரும்."

நான் வாயைத் திறப்பவனா? திறக்கவில்லை. மறுநாள் ஆட்டம் பெனால்டிக்குப் போகவில்லை. கடைசி நேரத்தில் தலையால் ஒரு கோல் அடித்து வென்றார்கள். என்னையும் தூக்க வந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு விலகினேன். கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் சுண்ணாம்பு படிந்த அந்த விரல்கள்தான் தெரிந்தன.

இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போனேன். அந்தப் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர் வலை கட்டிக்கொண்டு நின்றார். கயிற்றைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அவர் சிரித்தார். "இதுக்காகவா வாவி கடந்து வந்தீங்க அண்ணன்? நம்மட கிறவுண்டில புள்ளியே இல்ல. நான் செருப்பக் கழட்டி வைக்கிற இடந்தான் புள்ளி. கால் வலிச்சா கிட்ட வைப்பன்."

"அந்தக் கடைசி உதை அடிச்ச தம்பியக் காணணும் சேர்."

சிரிப்பு நின்றது. "அவன் இல்லகா. பாசிக்குடாவில ஹோட்டல் வேலைக்குப் போயிட்டான். பைனலுக்குப் போயிருந்தா பள்ளிக்கூடத்தில நிண்டிருப்பான். அதுக்கு மறுகா ஒருத்தர்ற பேச்சும் கேக்கல்ல."

நான் வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் அவர் தொலைபேசியில் அழைத்து, விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொல்லி என் கையில் தந்துவிட்டார். அந்தப் பக்கம் பீங்கான்கள் மோதும் சத்தம் கேட்டது.

"தம்பி, நான் அந்தக் கிறவுண்டு ஆள். புள்ளியக் கிட்ட வெச்சிட்டன். என்ர பிழை."

பீங்கான் சத்தம் தூரப் போனது.

"கிட்ட வெச்சா எனக்கு லேசுதானே அண்ணன்" என்றார். "எனக்குக் கால் உதறினது. இன்னும் தூர வெச்சிருந்தா பந்து அங்க போய்ச் சேர்ந்தே இரிக்காது." பிறகு, "கண் எரிஞ்சதுதான். நீங்க சொல்லியும் துடைச்சிட்டன். ஆக்கள் கூப்பிடுறாங்க, வைக்கிறன்" என்றார்.

எங்கள் கோல்காப்பாளர் அந்தப் புள்ளியில் பழகியவர் என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாவி கடந்தேன். தொலைபேசி கையில் அணைந்து கிடந்தது.

"இன்னொருக்கா எடுக்கவா?" என்று ஆசிரியர் கேட்டார்.

"அவருக்கு வேலை இரிக்கு சேர்" என்றேன். 

திரும்பிப் போகும் பாதை நான் நின்ற கரைக்கு வரத் தாமதமாயிற்று. நிற்க முடியாமல் கயிற்றைச் சுற்றிக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். பக்கத்தில் மரக்கறி மூட்டையோடு நின்ற ஒருவர், "அண்ணன் எந்தப் பகுதி?" என்று கேட்டார். கல்லூரியின் பெயரைச் சொன்னேன்.

"ஆ, கப் எடுத்த பள்ளிக்கூடந்தானே?" என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன்.