குழாயில் வைத்த இரண்டு விரல்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு ஓசூர், பூனா, சூரத் என்று வேலை கிடைத்த ஊரிலெல்லாம் இருந்துவிட்டு, அலுத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். ஹெல்மெட்டிலும் பைக் டேங்கிலும் ஏர்பிரஷால் படம் வரைவது இப்போதைய பிழைப்பு. பொழுதுபோக்குக்காகப் பழக வரும் பிள்ளைகள், எந்தக் கம்ப்ரஸர் வாங்கலாம் என்று கேட்பார்கள். கடையில் ஓடவிட்டு, குழாயை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள் என்பேன். யார் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். எங்கள் அப்பா, எங்களுக்கு நைனா. அவர் பெயிண்டரா என்பார்கள். இல்லை, பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்.

கையால் என்றால் வெறும் கையால். வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்தபடி, இறாலைப் போடும் பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவுவார். கெளுத்தி முள் குத்தி வலது கை வீங்கினால் அன்று இடது கையால் துழாவுவார். அகப்பட்ட நாளில் சோறு, இல்லாத நாளில் கஞ்சி. இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவே அப்படித்தான் சாப்பிட்டது.

அக்கா மட்டும் ஏரியில் இறங்கவில்லை. இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலைக்குப் போனாள். அங்கே உடைந்த தெர்மாகோல் பெட்டிகளைத் தூக்கிப்போடுவார்கள். அந்த மூடிகளைக் கொண்டுவந்து அவற்றின்மேல் மீன் வரைவாள். ஒருமுறை ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்தாள். தெர்மாகோல் உருகி, மடவை மீன் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. பிறகு யாருடைய போனிலோ ஏர்பிரஷ் வீடியோ பார்த்தாள். பேனா மாதிரி ஒரு கருவி, அதிலிருந்து தண்ணீர்ச் சாயம் புகைபோல வரும், தெர்மாகோல் உருகாது. பேனா எப்படியோ பழையது ஒன்று கிடைத்துவிட்டது. காற்றுக்குத்தான் கம்ப்ரஸர் வேண்டும். ஒரு வருடம் ஐஸ் தண்ணீரில் விரல் வெளிறிச் சேர்த்த கூலி ஒரு மெஷினுக்குத்தான் காணும். தப்பானதை வாங்கிவிட்டால் இன்னொன்று கிடையாது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கவும் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் காற்றைப் பற்றித் தெரிந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஹைவேயில் பஞ்சர் கடை வைத்திருந்தார். காற்று விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். காலை ரயிலில் நாங்கள் நால்வரும் சென்னைக்குக் கிளம்பியபோது கும்மிடிப்பூண்டி வருவதற்குள் முடிவே சொல்லிவிட்டார்.

“டேங்கு பெருசா இருக்கணும். சவுண்டு நாலு தெருவுக்குக் கேக்கணும். அதான் மெஷினு.”

“மாமா, நான் இன்னா லாரிக்கா காத்து அடிக்கப்போறேன்? மீனு செதிலு வரையப்போறேன்.”

“செதிலா இருந்தா இன்னா, டயரா இருந்தா இன்னா. காத்து காத்துதான்.”

நைனா ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கடையில் மூன்று மெஷின்களை எடுத்துப்போட்டார்கள். முதலாவது மாமா சொன்ன ஜாதி. ஓடவிட்டதும் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள், மாமா முகம் மலர்ந்தது. இரண்டாவது டேங்க் இல்லாதது. டிபன் பாக்ஸ் அளவுதான், வெள்ளையாகப் பளபளவென்று இருந்தது, சத்தமே இல்லை. அக்கா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூன்றாவதில் சின்ன டேங்க் இருந்தது. ஷோவுக்கு வைத்து வைத்துப் பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கம் நசுங்கி, பார்க்கவே சகிக்காது.

அக்கா வெள்ளை மெஷினுக்குப் பணத்தை எடுத்தபோது நைனா வாயைத் திறந்தார்.

“கொஞ்சம் ஓடவுடு, சார்.”

ஓடவிட்டார்கள். நைனா ரப்பர் குழாயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நேரம் போனது. கடைப் பையன்கள் கூடிவிட்டார்கள்.

“இன்னா பெரியவரே, நாடி பாக்குறியா?”

“ஜுரம் எவ்ளோ இருக்குது, பாத்துச் சொல்லு!”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பார்க்கிறவர்கள் என்னை மாமாவின் மகள் என்று நினைக்கட்டும் என்று இருந்தது.

நைனா கண்ணைத் திறந்தார். “இது வாணாம்மா. உள்ள துடிக்குது. புடிச்ச இறாலு வாலைத் தட்டுமே, அந்த மாரி.”

“மெஷின்னா துடிக்காம இன்னா பண்ணும்? சும்மா இரு, நைனா.” அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் நசுங்கிய மெஷினை ஓடவிடச் சொல்லி, அதன் குழாயையும் பிடித்தார். இந்தத் தடவை கண்ணை மூடிய வேகத்தில் திறந்துவிட்டார். “இது மதகுல தண்ணி வர்ற மாரி ஒரே சீரா வருது. சார், எங்க ஏரிக் காத்துல ஈரம் ஜாஸ்தி. அந்தத் தண்ணி எங்க போவும்?”

கடைக்காரர் பையன்களைப் பார்த்து, “போய் வேலையப் பாருங்கடா” என்றார். குழாயின் வழியில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டிக் காட்டினார். காற்றிலுள்ள தண்ணீர் அதில் தங்கிவிடுமாம். பிறகு ஒரு ஏர்பிரஷை எடுத்துவந்து, இரண்டு மெஷினிலும் மாட்டி, அட்டையில் மெஷினுக்கொரு கோடு இழுத்தார். வெள்ளை மெஷின் போட்ட கோடு மணி கோத்தது போல விட்டுவிட்டு இருந்தது. நசுங்கியது போட்ட கோடு தலைமுடி மாதிரி ஒரே இழையாக ஓடியது.

அக்கா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழகில்லாத மெஷினுக்குப் பணத்தைக் கொடுத்தாள். ரயிலில் அது நைனாவின் மடியில் வந்தது. நான் மாமா பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

மறுநாள் அக்கா கரையில் ஒதுங்கிய வலைத்துண்டை ஒரு மூடியின்மேல் இழுத்துக் கட்டி, அதன்மேல் சாயத்தை அடித்தாள். வலையை எடுத்ததும் மடவைக்குச் செதில் செதிலாக விழுந்திருந்தது. வாலுக்குப் போகப் போகச் செதில் மங்கியது. தெருவே வந்து பார்த்தது. ஒரு கிழவர் மூடியை முகர்ந்துகூடப் பார்த்தார்.

“மெஷின் யாரு பாத்து எடுத்தது?” என்று யாரோ கேட்டார்கள்.

“நான்தான்,” என்றார் மாமா. “காத்து விஷயமாச்சே.”

நைனாவும் தலையாட்டினார். “ஆமாம்பா, மச்சான்தான் பாத்து எடுத்தாரு.” நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். குழாயைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்ற கதையை யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவின் மூடிகள் பிறகு ஹைவே ஓட்டல் வரைக்கும் போய்ச் சுவரில் ஏறின. கல்யாணமாகிப் போனபோது அந்த மெஷினும் அவளோடு போனது, இன்றும் ஓடுகிறது. கல்யாணம் வரை எங்கள் வீட்டில் அது ஓடும்போதெல்லாம் நைனா ஏதாவது சாக்கில் உள்ளே வருவார். பறியைத் தேடுவார், தண்ணீர் குடிப்பார். போகிற போக்கில் குனிந்து, குழாயின்மேல் இரண்டு விரலை ஒரு நொடி வைத்துவிட்டு ஏரிக்குப் போவார்.

மெஷின் சூடேறிவிட்டதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.