புளி போட்டு விளக்கிய கேஜ்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சிவகாசியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பட்டறை என்னுடையதல்ல. அச்சாபீஸ் ரோலருக்கு புஷ், பழைய மிஷினுக்கு ஷாஃப்ட், எது வந்தாலும் கடைவோம். பட்டாசுக் கம்பெனிகளுக்கு மட்டும் நான் தனியாக ஒரு சாமான் செய்து வந்தேன். பிளக் கேஜும் ரிங் கேஜும்.

வானத்தில் போய் விரிகிற பேன்சி வெடியில் ஒரு காகிதக் குழாயும் அதற்குள் உருண்டையாக ஒரு குண்டும் இருக்கும். குண்டு குழாய்க்குள் லேசாக இறங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அடி மருந்தின் வேகம் ஓரமாகக் கசிந்துவிடும், குண்டு உயரம் போகாது. இறுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். கிளம்பாமல் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். சீசன் நேரத்தில் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க யாராலும் முடியாது. அதற்குத்தான் கேஜ். குண்டுக்கு இரண்டு ரிங். ஒன்றுக்குள் குண்டு போக வேண்டும், இன்னொன்றுக்குள் போகக்கூடாது. குழாய்க்கு இரண்டு முனை உள்ள பிளக். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. எழுத்துத் தெரியாதவர்கள்கூட வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். என்னைப் போன்றவனுக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அது பேசச் சொல்லாது.

எந்த அளவில் செய்வது என்பதுதான் கஷ்டம். வெயில் காலத்துக் குழாய் ஒரு அளவு இருக்கும். ஐப்பசி மழையில் காகிதம் ஈரம் வாங்கிப் பருத்து, உள் வாய் சுருங்கிவிடும். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் ஃபோர்மேன் முதல் தடவை வந்தபோது, இரண்டு காலத்துக் குழாயும் கொண்டுவரச் சொன்னேன். அதையும் இதையும் வைத்துப் பார்த்து, எதுவரை போகலாம், எதற்குமேல் போகக்கூடாது என்று முடிவு பண்ணினேன்.

மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு ஆகாது. பொறி தட்டும். அதனால் பித்தளையில் கடைவேன். பித்தளை மெத்தென்ற உலோகம், தேயும். அதற்காக ஒவ்வொரு கேஜுக்கும் மூல அளவாக ஸ்டீலில் ஒரு மாஸ்டர் செய்து, எண்ணெய்த் துணியில் சுற்றிப் பட்டறையிலேயே வைத்திருப்பேன். அதை ஒருநாளும் சரக்கின் மேல் போடுவதில்லை. ரிங்கைச் சரிபார்க்க மாஸ்டர் பிளக், பிளக்கைச் சரிபார்க்க மாஸ்டர் ரிங். எண்ணெய் தொட்டு விட்டால் வழுக்கிக்கொண்டு, ஆனால் ஆடாமல் இறங்க வேண்டும். ஆடினால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சீசனுக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டும்படி ஃபோர்மேனிடம் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

அந்தக் கம்பெனியில்தான் என் தங்கை வேலை பார்த்தாள். ஏழாயிரம்பண்ணையில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். புருஷன் இல்லை. மகள் விருதுநகரில் நர்சிங் படிக்கிறாள். தங்கை மருந்து ரூமில் குண்டுக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது கை, கழுத்து, காது மடல் எல்லாம் வெள்ளிப் பவுடர் மினுங்கும். இருமல் நிற்காது. மருந்து ரூமில் ஒரு பொறி விழுந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடு அதைச் சொல்லும்.

கேஜ் வாங்க வந்த ஃபோர்மேனிடம், என் வாழ்க்கையில் யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். கேஜ் வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு என் தங்கையைப் போடுவீர்களா என்று. கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். என் தங்கை மருந்து ரூமை விட்டு வெளியே வந்தாள். தனி ஷெட், ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். ரிங்கை அங்கே பெண்கள் காப்பு என்றார்கள், பிளக்கை உலக்கை என்றார்கள். "காப்புக்காரி வந்துட்டா" என்று வேனில் கேலி பண்ணுவார்களாம். சில மாதத்தில் இருமல் நின்றது. அவள் கைகள் மறுபடியும் கைகளின் நிறத்துக்கு வந்தன.

நான் கம்பெனி கேட்டுக்கு உள்ளே போனதில்லை. போகவேண்டிய தேவை இல்லை. கேஜைக் கீழே போடாதே, சுத்தமாக வைத்துக்கொள் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டு சீசன் போனது. ஃபோர்மேன் கேஜைக் கொண்டுவரவில்லை. பட்டறைப் பக்கம் அவர் வண்டி நின்றபோது நானே போய் ஞாபகப்படுத்தினேன். "சீசன் முடியட்டும் அண்ணாச்சி, மூச்சு விட நேரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் ஒரு லோடு திரும்பி வந்தது. வெளி மாநில வியாபாரி சோதனைக்குக் கொளுத்திப் பார்த்ததில் குண்டுகள் கிளம்பாமல் குழாய்க்குள்ளேயே வெடித்திருந்தன. யாருக்கும் காயமில்லை என்றார்கள். ஃபோர்மேன் போன் பண்ணி மாஸ்டரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கையில் ஸ்டீல் இருந்ததால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே கார் ஷெட்டில் நின்றேன். முதலாளி வந்தார். என் தங்கையையும் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள். அவள் முந்தானையில் முடிந்த கேஜோடு வந்து, என் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நின்றாள்.

ஃபோர்மேன் ஏற்கெனவே ஒரு முடிவு சொல்லி வைத்திருந்தார். இவள் வைத்துப் பார்க்காமலே பாஸ் போட்டிருக்கிறாள், பக்கத்து ஷெட்டுக்காரிகளோடு பேச்சு அதிகம் என்று. என் தங்கை முடிச்சை அவிழ்த்து ரிங்கை என்னிடம் நீட்டினாள்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நான் கொடுத்தபோது மங்கலாக, கடைசல் கோடு தெரிகிற மாதிரி இருந்த பித்தளை. இப்போது சாமி விளக்குப்போல் தகதகவென்று இருந்தது. விளிம்பெல்லாம் மழுங்கி இருந்தது.

திரும்பி வந்த பெட்டியிலிருந்து குண்டுகளை எடுத்து அவள் ரிங்கில் போட்டுக் காட்டினேன். எல்லாம் போனது. அதே குண்டுகளை அவை வந்த குழாய்களின் வாயில் வைத்தேன். ஒன்றும் லேசாக இறங்கவில்லை. பிறகு மாஸ்டர் பிளக்கை அவள் ரிங்குக்குள் விட்டேன். லொடக்கென்று விழுந்தது. இடையில் ஒரு லேபிள் காகிதத்தை மடித்துச் செருகினேன், அதுவும் போனது. அவள் பிளக்கை மாஸ்டர் ரிங்கில் விட்டேன், அதுவும் அப்படித்தான் மெலிந்திருந்தது. ஒன்று அகன்று, ஒன்று மெலிந்து, இரண்டு தப்பும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தன. பெரிய குண்டும் சின்னக் குழாயும் பாஸாகி வந்திருக்கின்றன.

"அவ எல்லாத்தையும் வச்சுத்தான் பாத்திருக்கா. கேஜுதான் தேஞ்சிருக்கு" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தங்கை தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முதலாளி அதோடு விடவில்லை. ரிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதக் குண்டு போய்வந்தா பித்தளை இப்படித் தேயும் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நான் குண்டுகளைப் பெட்டியில் திரும்ப அடுக்கினேன். என் தங்கை சொன்னாள். தன்மேல் சொன்ன பழி பொய் என்று ஆன தைரியத்தில், தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"நான் சும்மா போட்டு வைக்க மாட்டேன் மொதலாளி. வெள்ளிக்கெளம தவறாம புளியும் செங்கப்பொடியும் போட்டு வெளக்கிருவேன். உள்ள வரைக்கும் வெரல்ல துணியச் சுத்தி வெளக்குவேன். ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வச்சோம்ல."

முதலில் சிரித்தது ஃபோர்மேன்தான்.

"கெட்டுச்சு போங்க. அம்புட்டு லோடும் இந்தம்மா சாமான் வெளக்குனதுல போச்சா."

இதே ஃபோர்மேன்தான் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை அவள் மேஜைக்குக் கூட்டிப்போய், எங்கள் கம்பெனியில் கேஜைக்கூட எப்படி வைத்திருக்கிறோம் பாருங்கள் என்று காட்டியவர். அதை அவளே பெருமையாக வீட்டில் சொல்லியிருக்கிறாள், கேஜ் மின்னுவதைப் பற்றி அல்ல, சார் காட்டினார் என்பதைப் பற்றி. அந்தப் பேச்சை அப்போது யார் எடுப்பது? என்னால் முடிந்தது ஒரு வாக்கியம்தான்.

"சீசனுக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டணும்னு சொல்லியிருந்தேன் மொதலாளி."

"எங்கிட்டயா அண்ணாச்சி? எப்பச் சொன்னீக?" ஃபோர்மேன் முகத்தில் கோபமே இல்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லாதவர்போல் கேட்டார். எத்தனை தடவை, எங்கே நின்று சொன்னேன் என்பதெல்லாம் எனக்குள் இருந்தது. நான் மாஸ்டரை எண்ணெய்த் துணியில் சுற்றத் தொடங்கினேன். அதைத்தான் என் கை செய்தது.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. முதலாளி அதைப் பெரிய மனதோடு சொன்னார். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள், பழைய இடத்துக்கே போகட்டும் என்றார். பழைய இடம் என்றால் மருந்து ரூம். புதிதாக ஒரு செட் கேஜ் செய்துகொடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். என் தங்கை என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னாள்.

"சுத்தமா வச்சுக்கன்னு நீதானண்ணே சொன்ன."

பித்தளை என்றால் புளி போட்டு விளக்குவது என்பது அவள் கைக்குத் தெரிந்த சுத்தம். அம்மா அவளுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தாள். அழுக்காக, கறுத்துப்போய் வைத்திருந்தால் அவள் இன்றைக்கும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். சோம்பேறியாக இருந்தால்கூட இருந்திருப்பாள்.

புதிய செட்டை நானே கடைந்தேன். செய்யமாட்டேன் என்று சொல்ல பட்டறை என்னுடையதல்ல. வாங்க வந்த ஃபோர்மேன் வெளிப்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார், எவளும் விளக்காமல் இருக்க. அடித்தேன். அந்த மேஜையில் இப்போது அவர் மச்சினி உட்கார்கிறாள். அடுத்த சீசன் தொடங்கும்போது, நான் சொல்லாமலே கேஜை வண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். பட்டறையில் இருந்த இன்னொரு கம்பெனிக்காரரிடம், பித்தளைக் கேஜைச் சீசனுக்கு ஒருக்கா மாஸ்டரில் பார்த்துவிட வேண்டும் என்றும் தான் கண்டிப்பாகப் பார்த்துவிடுவதாகவும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மாஸ்டர் பிளக்கை ரிங்குக்குள் விட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது, ஆடவில்லை. வெளிச்சத்தில் தூக்கி உள்ளே பார்த்தேன். லேத் உளி போட்ட கோடு அப்படியே, கடைந்த அன்று இருந்தபடி கூராக இருந்தது. ஒரு சீசன் முழுக்கக் குண்டு போய்வந்தால் அந்தக் கோட்டின் முனையாவது மழுங்கியிருக்கும். பிளக்கைப் பார்த்தேன். குழாய் வாயில் நுழைந்த தடமே இல்லை.

"பாத்தீகளா, ஒரு தேய்மானம் இல்ல" என்றார் ஃபோர்மேன்.

"இதுல ஒரு குண்டும் போயிருக்காது" என்றேன்.

அவர் "நீங்க அளவ மட்டும் பாருங்க அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கேஜை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அளவு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தங்கை வேனுக்காக ரோட்டோரம் நின்றாள். இருமல் திரும்ப வந்து மாதங்களாகிவிட்டன. காது மடலின் மினுமினுப்பு குளித்த பிறகும் போவதில்லை. வேறு கம்பெனி பார்க்கலாம் என்று முன்பே சொல்லிப் பார்த்துவிட்டேன். மகள் படிப்பு முடிகிறவரை எங்கும் போகமாட்டேன் என்கிறாள். கேஜைப் பார்த்ததை அவளிடம் சொன்னேன். அங்கே யாரும் எதையும் வைத்துப் பார்ப்பதில்லை என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ண்ணே. காப்பு ஆணியில தொங்குது. அவள உக்காரத்தான வச்சிருக்காக."

யாரிடமாவது சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். வேன் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"போன தடவ சொன்னதே போதும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.