தண்ணிக்கு ஏது எடை

பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மற்றவர்கள் செருப்போடு ஏறி இறங்குகிறார்கள். என் தம்பி செல்வின் மட்டும் வாட்சைக் கழற்றுவான், பெல்ட்டைக் கழற்றுவான், சட்டைப்பையில் இருக்கும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். சாவியில் என்ன எடை இருக்கப்போகிறது என்று நர்ஸ் ஹிந்தியில் சிரிப்பாள்.

"ஆதத் ஹை, சிஸ்டர்" என்பான். பழக்கம்தான்.

அங்கே அடிக்கும் ஸ்பிரிட் வாசனை எனக்கு வேறொரு தைலத்தை ஞாபகப்படுத்தும். குதிரைக் காலுக்குத் தேய்ப்பது. தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் மீன் குழம்பையும் மீறி அது மணக்கும். எதையும் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தலைவலி வரும். இது மட்டும் வரிசைக்கு அடங்குவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகாலட்சுமி ரேஸ் கோர்ஸை வெள்ளைக்காரன் காலத்தில் சேற்று நிலத்தைத் தூர்த்து உண்டாக்கினார்கள் என்பார் அப்பா. தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிறு கோயில் முடிந்ததும் செல்வினைத் தோளில் வைத்துக்கொண்டு போய் வேலியோரம் நின்று குதிரை பார்ப்பார். பந்தயம் கட்டியதில்லை, பாஸ்டரைவிட அம்மாவுக்குத்தான் அவர் பயந்தார். அந்தத் தோளில் இருந்தவனே பின்னாளில் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கியானதும் அம்மாதான் தவித்துப்போனாள். கோயிலில் கேட்டால், "குதிரை டிப்பார்ட்மெண்டுல இருக்கான்" என்பாள்.

"போலீஸ்லயாக்கா?"

"ஆமா, அது மாதிரிதான்."

வேலைக்குச் சேர்ந்தபின் அவன் வளர ஆரம்பித்ததுதான் வினை. உயரம் கூடக்கூட எடையும் கூடியது, ஜாக்கிக்கு அது ஆகாது. கடைசியில் அவனுடைய பார்சி டிரெய்னர் சொல்லிவிட்டார்: பெரிய ரேஸில் அந்தச் செம்பட்டைப் பெண்குதிரை உனக்கு, எடை கூடி வந்தால் அப்புறம் என் லாயத்துப் பக்கமே வராதே.

நான் அப்போதுதான் ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். நடுப்பகலில் அவன் ரெக்ஸின் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவான். வியர்வையில் எடை இறங்கும். வெள்ளிக்கிழமையிலிருந்து எலுமிச்சைத் துண்டை நக்கியதோடு சரி. சனிக்கிழமை அம்மாவும் அவனுக்காக உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தாள்.

ரேஸ் அன்று, ஞாயிறு காலை, ஷூ கட்டக் குனிந்தவன் அப்படியே சரிந்தான். அம்மா ஓடிப்போய் சோறு வடித்த தண்ணீரில் கைநிறைய உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள்.

"வேண்டாம்மா, ஏறிரும்."

"ஏல, குதிரை மேலேருந்து மயங்கி விழுந்தா ஒங்கப்பனா வந்து தாங்குவான்? ஒரு பருக்கை கெடையாது பாரு, வெறும் வடிதண்ணி. தண்ணிக்கு ஏதுல எடை?"

குடித்தான். அவனுக்கு நிறம் திரும்பியதைப் பார்த்து அம்மாவும் நானும் சிரித்தோம். மாஹிம் ஸ்டேஷனுக்கு வருவதற்குள் உப்பு வேலையைக் காட்டிவிட்டது. பிளாட்பாரக் குழாயில் வாயை வைத்தவன் வண்டி வந்தும் எடுக்கவில்லை. "போதும்டா, போதும்டா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூன்று நாள் வறண்ட உடம்பு, கேட்குமா?

ரேஸுக்கு முன் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜாக்கி தராசில் உட்கார வேண்டும். என்னை உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே காத்திருந்தேன். செம்பட்டைக் குதிரை வந்தது. மேலே வேறொருவன் இருந்தான்.

செல்வின் அம்மாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை. "பெரியவங்க சிபாரிசும்மா" என்றான். அவள் சாகும்வரை அந்தப் பெரியவர்களைச் சபித்துக்கொண்டிருந்தாள்.

வேறொரு லாயம் அவனைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் ஒருநாளும் அவன் எடை கூடவில்லை. உடம்பின் நீரை இறக்கும் மாத்திரையை வாரம் தவறாமல் விழுங்கினான், வருடக்கணக்கில். சிறுநீரகத்தை அதுதான் தின்றது என்கிறார் டாக்டர். என் சிறுநீரகம் சேராது என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. வேறு யாரும் இல்லை.

ரேஸ் கோர்ஸில் ஒரு பகுதியைப் பூங்காவாக்கப் போகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து, "அக்கா, ஒரு தடவ கூட்டிட்டுப் போ" என்றான். போன வாரம் டாக்ஸியில் போனோம். காலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. திட்டில் உட்கார்ந்திருந்தவன் குளம்புச் சத்தம் கேட்டதும் வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவனுக்கு இப்போது பார்வையும் மங்கல்.

"எது முன்னால வருது?"

"கறுப்பு ஒண்ணு. பின்னால ரெண்டு செம்பட்டை."

"பேரச் சொல்லுக்கா."

எனக்கு எப்படித் தெரியும்? அவன் ஏறிய குதிரைகளில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை.